தலைப்பெழுத்து

சுலைமானி டீ நன்றாக இருந்தது, உமாபதி சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் சர்க்கரை வியாதி உண்டு. வாப்பாவுக்கு இருந்தது, எனக்கு நாற்பதில் வந்தது, என் தம்பி கலீலுக்கு இருபத்தாறு வயதிலேயே வந்து தினம் ஊசி போடுகிற அளவுக்குப் போய்விட்டது. அடுத்த தடவை சீனி போடாமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இந்த விசாரணைக்காகவே சென்னையிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்றார்கள். வாக்குமூலத்தைத் தமிழிலேயே சொல்ல அனுமதி வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி. பதினெட்டு வருஷமாக அடுத்தவர் பேச்சை அரபிக்கும் இங்கிலீஷுக்கும் மாற்றிக்கொண்டிருப்பவன் நான். என் பேச்சையாவது யாரும் மாற்றாமல் இருக்கட்டும். ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். இதைச் சொல்லாவிட்டால் ஆள் அமைதியாக இருந்தான் என்று எழுதிக்கொள்வீர்கள்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். துபாயில் ஒரு கான்ட்ராக்ட் ஆபீஸ். பல தேசத்துப் போலீஸும் தாங்கள் தேடுகிற ஆட்களின் பட்டியலை அனுப்புவார்கள். குண்டு வைத்தவன், வெடிமருந்து கடத்தியவன், கள்ள பாஸ்போர்ட் அடித்தவன் எல்லாம் அதில் வருவார்கள். இங்கிலீஷில் வருகிற பெயர்களை அரபி எழுத்தில் மாற்றி, கட்டம் கட்டமாகப் பதிய வேண்டும். நான் ஒரு தடவை பதிந்தால் போதும், பக்கத்து நாடுகளின் விமான நிலையங்களுக்கெல்லாம் அந்தப் பெயர் போய் உட்கார்ந்துகொள்ளும். தகவலைப் பகிர்ந்தால்தான் பயங்கரவாதம் ஒழியும் என்று பெரிய ஓட்டல்களில் மாநாடு போட்டுப் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் கோட்டு போட்டவர்கள். எழுத்துக்கூட்டுகிறவன் என்னைப் போல ஷார்ஜாவிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிறவன்.

நம் ஆட்களின் பெயர்தான் பெரிய தலைவலி. அரபிக்காரர்களுக்குத் தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், குடும்பப் பெயர் என்று நான்கு கட்டம். நமக்கு ஒரு பெயர், அதற்கு முன்னால் ஓர் எழுத்து, ஒரு புள்ளி. பெற்ற தகப்பனை ஓர் எழுத்தில் மடக்கி வைக்கிற வித்தை நமக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டருக்கு அது புரியாது, அப்பா கட்டத்தில் ஒற்றை எழுத்தை அது வாங்காது. என் மேலாளர் ஒரு சூடான்காரர், நல்ல மனுஷர். முதல் வாரமே, உங்கள் ஊரில் அப்பாவுக்கு ஓர் எழுத்துதான் கொடுப்பீர்களா என்று கேட்டார். சிரித்து வைத்தேன். உள்ளே எரிந்தது. என் தம்பியை மண்ணில் வைத்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

கலீல் சவூதியில் அல் கோபாரில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். எம். கலீலுர் ரஹ்மான். எம் என்றால் மீரா லெப்பை, எங்கள் வாப்பா. 2004-இல் அந்தப் பக்கம் நிலைமை சரியில்லை, ஊரெல்லாம் சோதனை. தேடப்படுகிறவர்களில் கலீலுர் ரஹ்மான் முகம்மது என்று ஒருவன் இருந்தான். எந்த மகராசனோ, என் தம்பியின் கார்டில் இருந்த எம்மை முகம்மது என்று விரித்துவிட்டான். எம்மைப் பார்த்தால் முகம்மது என்று எழுதத்தான் யாருக்கும் கை போகும். கேட்டு எழுத அவனுக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிஷம் அவனுக்கு இல்லை.

பிடித்துக்கொண்டு போனார்கள். அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாய், சார். இவனை எனக்குத் தெரியும், இவன் வாப்பா பெயர் மீரா லெப்பை என்று சொல்ல ஒரு வாய். ரூமில் கூடவே மூன்று வருஷம் படுத்து எழுந்தவன் ராஜிக். கீழக்கரையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கலீல் சமைத்த சோற்றைத் தின்றவன். அவனைக் கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டான். பத்தொன்பதாவது நாள், ஊசி இல்லாமல், கலீல் அடைபட்ட இடத்திலேயே மௌத்தாகிவிட்டான். அங்கேயே அடக்கம். நான் போகவில்லை. அந்த மாதம்தான் இந்த வேலைக்கு மனு போட்டிருந்தேன், என்னைப் பற்றிய பின்னணி விசாரணை நடந்துகொண்டிருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் வந்து தொலைந்தது.

அடுத்த வருஷம் ராஜிக் அங்கே விசாவைக் கேன்சல் பண்ணிக்கொண்டு அஜ்மானுக்கு வந்தான், ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேனாக. வந்த வாரமே என்னைத் தேடி ரூமுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே அழுதான். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்.

"காக்கா, பயத்துல தெரியாதுன்னு சொல்லிட்டேன். அன்னைலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. மாப்பு குடுத்துருங்க காக்கா."

கொடுத்தேன். வாயால் மாப்பு கொடுத்தேன், டீ போட்டும் கொடுத்தேன். டீயைக் குடித்துக்கொண்டே, போலீஸ் உங்களுக்கும் போன் பண்ணியிருப்பார்களே, கலீல் முதலில் உங்கள் நம்பரைத்தானே கொடுத்தான் என்றான். எனக்கு எந்தப் போனும் வரவில்லை என்றேன். வந்திருந்தால் ஓடியிருக்க மாட்டேனா. கூடப் பிறந்தவன் அல்லவா. ராஜிக் தலையை ஆட்டினான். ஆனால் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. செய்வதையும் செய்துவிட்டு என்னைப் பார்க்கிறான். தெரியாது என்று சொன்ன அந்த நாக்கை இழுத்து வைத்து அறுத்தால் என்ன என்று அன்றைக்கே தோன்றியது. இதை நான் மறைக்கப் போவதில்லை.

இனி எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். அதை வைத்துத்தானே என்னைப் பிடித்தீர்கள். அரபியில் 'ஸாய்' என்று ஓர் எழுத்து உண்டு, வண்டு இரைகிற சத்தம். தமிழில் அதற்கு எழுத்து இல்லை, நாம் ஜ போட்டுச் சமாளிப்போம். அஜீஸ், ராஜிக் எல்லாம் அப்படி வந்தவைதான். நம் ஆள் அதை இங்கிலீஷில் எழுதும்போது ஜே போட்டுவிடுவான். அரபிக்குத் திருப்பும்போது விவரம் தெரிந்தவன் ஸாய் போடுவான், தெரியாதவன் 'ஜீம்' போடுவான். ஜீம் போட்டால் அந்தப் பெயருக்கு அரபியில் ஓர் அர்த்தமும் கிடையாது. அஜ்மானில் டைப்பிங் சென்டர்காரன் ராஜிக்கின் விசா தாளில் ஜீம் அடித்துவிட்டான். அவன் தாளை என்னிடம் கொண்டுவந்து, "காக்கா, எம்பேரு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றான். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். அப்போது எனக்கு ஒரு திட்டமும் இல்லை, நம்புங்கள். அவனுக்கு ஒரு நல்லது செய்யக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

2007 மே மாதம் உங்கள் ஆபீஸ் அனுப்பிய பட்டியல் வந்தது. பதினான்காவது பெயர், எஸ். ராஜிக். ஆண், வயது சுமார் முப்பது, ராமநாதபுரம் மாவட்டம், கடல் வழியாக டெட்டனேட்டர் கடத்தியவன். பாஸ்போர்ட் நம்பர் இல்லை, கைரேகை இல்லை, போட்டோ இல்லை. ஓர் எழுத்தும் ஒரு பெயரும்தான். வெடிமருந்து கடத்துகிறவனைத் தேடுகிறவர்கள் அவன் அப்பன் பெயரைக்கூடக் கேட்டு எழுதவில்லை. உங்களைச் சொல்லவில்லை சார், உங்கள் ஆபீஸைச் சொல்கிறேன். கோபம் வருகிறது என்றால் இதற்குத்தான் முதலில் வருகிறது.

முறைப்படி நான் உங்களுக்குத் திருப்பி எழுதி, எஸ் என்றால் யார் என்று கேட்டிருக்க வேண்டும். பதில் வர இரண்டு மாதம் ஆகும். சூடான்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, யார் இந்த எஸ் என்றார். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெயர், எனக்குத் தெரியும் என்றேன். அப்பா கட்டத்தில் சாதிக் பாட்ஷா என்று பதிந்தேன். அது துணிக்கடை ராஜிக்கின் வாப்பா பெயர். அவர் எனக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர், தங்கமான மனுஷர். பிறகு ராஜிக் என்பதற்கு ஸாய் போடாமல் ஜீம் போட்டேன், அவன் விசாவில் இருந்த மாதிரியே. நான்கு வருஷத்தில் அந்த ஒலி வருகிற பெயர் முந்நூறுக்கு மேல் பதிந்திருக்கிறேன், எல்லாவற்றிலும் ஸாய், இந்த ஒன்றில் மட்டும் ஜீம் என்று காட்டினீர்கள். கெட்டிக்காரர் நீங்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை எஸ்ஸிடம் காட்டியிருக்கலாம். பதிந்ததன் நகல் உங்களுக்கும்தான் வந்தது. உங்கள் ஆள் சரி என்று டிக் அடித்து, நன்றி என்று வேறு எழுதி அனுப்பியிருந்தார்.

ஆகஸ்டில் ராஜிக் ஊருக்குக் கிளம்பினான். அவன் மனைவி சப்ரீனா அப்போது இங்கேதான் இருந்தாள், எட்டு மாதக் கைக்குழந்தை ருமைஸாவோடு. குழந்தைக்கு முடியிறக்க ஊரில் எல்லோரும் காத்திருந்தார்கள். ஷார்ஜா விமான நிலையத்தில் பாஸ்போர்ட் கவுண்டரில் நிறுத்தினார்கள். பெயர் ஒத்துப்போகிறது, ஊர் ஒத்துப்போகிறது, வயது ஒத்துப்போகிறது. உன் அப்பா பெயர் என்ன என்று கேட்டார்கள். அவன் உண்மையைச் சொன்னான். சாதிக் பாட்ஷா என்றான். திரையில் அதுவேதான் இருந்தது. தான் அவன் இல்லை என்று நிரூபிக்க அவனிடம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான், அதைச் சொல்லச் சொல்லச் சுருக்கு இறுகியது. வாப்பா பெயரை அவன் நூறு தடவையாவது சொல்லியிருப்பான். தம்பிக்காக ஒரு தடவை சொல்ல வாய் வராதவன்.

இதில் என்ன அநியாயம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சப்ரீனா என்னிடம்தான் வந்தாள். போலீஸ் பக்கம் வேலை செய்கிற காக்கா, உங்களைவிட்டால் எங்களுக்கு யார் என்றாள். அவள் வரும்போதெல்லாம் ஒரு டிபன் பாக்ஸில் இடியாப்பமும் கறியும் கொண்டுவருவாள். வேண்டாம் என்று சொன்னால் மனசு நோகும் என்று சாப்பிட்டேன். அவளுக்காக அரபியில் நான்கு மனு எழுதிக் கொடுத்தேன். நல்ல அரபி, சார். மேலிடத்துக்கு எப்படி எழுத வேண்டுமோ அப்படி. என் கணவர் ராஜிக், சாதிக் பாட்ஷாவின் மகன் என்று முதல் வரியிலேயே, ஜீம் போட்டு, கொட்டையெழுத்தில். ஒவ்வொரு மனுவும் போய் அந்தக் கோப்பிலேயே சேர்ந்தது. மனைவியே கையெழுத்துப் போட்டு உறுதிசெய்த மாதிரி ஆனது. மூன்றாவது மனு போனபிறகு அவனைப் பக்கத்து நாடு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டது, அவர்கள் திரையிலும் அவன் இருந்தானே. அங்கிருந்து இன்னோர் இடம். எந்த இடம் என்று எனக்குத் தெரியாது.

நான்காவது மனு எழுதியபோது அவள் ஒன்று கேட்டாள். "காக்கா, எங்கேயாவது எழுத்து தப்பா இருக்குமோ? நீங்க ஒருக்கா பாக்கக் கூடாதா?" பார்த்துவிட்டேன், ஒரு தப்பும் இல்லை என்றேன். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும் என்றாள். பிள்ளை என் மடியில் கிடந்தது. அதற்கு அப்போது பல் முளைக்கிற நேரம், என் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது.

நீங்கள் தேடிய அந்த இன்னொரு ராஜிக்கைப் பற்றிக் கேட்டீர்கள். எஸ் என்றால் சீனி முகம்மது என்பது எனக்குப் போன வருஷம் அவன் பிடிபட்ட பிறகுதான் தெரியும். சொந்த பாஸ்போர்ட்டிலேயே, அதே ஷார்ஜா கவுண்டர் வழியாக அவன் இரண்டு தடவை போய் வந்திருக்கிறான். அப்பா பெயர் சீனி முகம்மது என்று திரையில் எவனும் இல்லை, போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது தடவை போன இடத்தில் அவன் சரக்கு வெடித்து ஏழு பேர் செத்தார்கள் என்று தாளைக் காட்டினீர்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த ஏழு பேரையும் எனக்குத் தெரியாது. அவர்கள் பெயரை மாற்றி எழுதச் சொல்லி யாரும் என்னிடம் கொடுக்கவும் இல்லை.

பதினான்கு மாதம் கழித்து ராஜிக்கை விட்டார்கள். நேரே ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். நீங்கள் கீழக்கரைக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்ததாகச் சொன்னீர்கள். ஒரு காது கேட்பதில்லை என்றீர்கள். சாதிக் பாட்ஷா எதிரே உட்கார்ந்து, வாப்பாவைத் தெரியுதா என்று கேட்டால், தெரியாது சார், தெரியாது சார் என்று சுவரோடு ஒட்டிக்கொள்கிறானாம். சொந்தத் தகப்பனைப் பார்த்து. பிள்ளை அவனிடம் போகப் பயப்படுகிறதாம். இதை நீங்கள் சொன்னபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கலீல் செத்தபோது எனக்காக யார் அழுதார்கள்? தெரியாது என்கிற அந்த ஒரு சொல் அவனுடையதுதான் சார். என் தம்பிக்குக் கொடுத்ததை அவனுக்கே திருப்பிக் கொடுத்தேன். கூட ஓர் எழுத்துகூடச் சேர்க்கவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். எஸ் என்பதைச் சாதிக் பாட்ஷா என்று விரித்தது நான். கை தவறி அல்ல, தெரிந்தே விரித்தேன். ஜீம் போட்டதும் தெரிந்தேதான். நான்கு மனுவும் தெரிந்தே எழுதினேன். யாரும் தூண்டவில்லை. இதே மாதிரி இன்னொரு பதிவு வந்தாலும் இதையேதான் செய்வேன். ஏனென்றால், ஒருவனைத் தெரிந்திருந்தும் தெரியாது என்று சொல்கிறவனைவிடக் கேவலமான பிறவி இந்த உலகத்தில் இல்லை. அப்படிப்பட்டவனுக்கு எது நடந்தாலும் தகும். இந்த வரியை அப்படியே எழுதுங்கள், அடியில் கையெழுத்துப் போடுகிறேன்.

இது என்ன தாள்?

கோபாரிலிருந்து வந்ததா? அதையும் பகிர்ந்துகொண்டார்களா? நல்லது. வேலை செய்யத்தான் செய்கிறது உங்கள் ஏற்பாடு.

ஆமாம், அந்தத் துபாய் நம்பர் என்னுடையதுதான். இன்றைக்கும் அதே நம்பர்தான். 2004 ஜூன் ஒன்பதாம் தேதி காலை பதினொன்று இருபது, ஒன்றரை நிமிஷப் பேச்சு. இருக்கலாம். பின்னணி விசாரணைக்காக என்னை நேரில் வரச் சொல்லியிருந்த நாள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஓர் அதிகாரி அரபியில் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார். கலீலுர் ரஹ்மான் என்று ஒருவரைத் தெரியுமா, உங்கள் தம்பியா என்று கேட்டார். அடித்தொண்டையிலிருந்து எடுத்து, 'ஃக' என்று கரகரத்து, சுத்தமான அரபியில் அந்தப் பெயரைச் சொன்னார். எங்கள் வீட்டில் அவன் கலீலு. உம்மா கூப்பிட்டதும் கலீலு, நான் கூப்பிட்டதும் கலீலு. நீங்கள் சொல்கிற பெயரில் எனக்குத் தம்பி யாரும் கிடையாது என்றேன். உச்சரிப்பை வைத்துப் பார்த்தால் நான் சொன்னதில் பொய் இல்லை, சார்.